உருக்குவதற்கு முன் கேட்கிற கேள்விகள்: பழைய தங்கமும் நம் ஊர் நகைக்கடையும்

மலேசியாவில், சுங்கை சிப்புட் ஊரில் அப்பாவின் நகைக்கடையில் கணக்கும் கோப்பும் என் பொறுப்பு. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்குப் போன படிவத்தில் "பெகாவாய் பெமாத்துஹான்", அதாவது கடை சட்ட விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் இணக்க அதிகாரி, என்ற கட்டத்தில் என் பெயர்தான் இருக்கிறது. பட்டம் பெரிது, நாற்காலி பழையதுதான். கடைக்கு வருகிறவர்கள் கேட்பதையும், பக்கத்து ஊர்களில் சின்னக் கடை வைத்திருக்கும் உறவுக்காரர்கள் போனில் கேட்பதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். இது வக்கீல் ஆலோசனை இல்லை. கல்லாப் பக்கத்திலிருந்து தெரிவது மட்டும்.

பழைய சங்கிலியை விற்க வந்தால் ஏன் ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்கிறீர்கள்? எங்களைத் திருடர் என்றா நினைக்கிறீர்கள்?

வாரத்துக்கு இரண்டு முறையாவது இந்தக் கேள்வி வரும். முகம் சுருங்கித்தான் வரும். பதிலுக்கு நான் எங்கள் கடையில் நடந்ததையே சொல்லிவிடுவேன்.

பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். ஒரு பையன் முறுக்குச் செயின் ஒன்று கொண்டுவந்தான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றான். அப்பா உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார், நிறுத்தார், பணம் கொடுத்தார். நோட்டில் எழுதியது ஒரே வரி: "முறுக்கு, 12.4". பெயர் இல்லை, ஐசி எண் இல்லை. மூன்று வாரம் கழித்துப் போலீசோடு ஓர் அம்மா வந்தார். பேருந்துக்கு நின்றபோது கழுத்திலிருந்து அறுத்துக்கொண்டு போன செயின் அது. அதற்குள் அது மற்றப் பழைய நகைகளோடு சேர்ந்து உருக்கப் போய்விட்டது. அப்பா நாலு நாள் ஸ்டேஷனுக்கும் கடைக்கும் அலைந்தார். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த முறுக்குச் செயின்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

சட்டம் என்று பார்த்தால், திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் தண்டனைச் சட்டம் 411-ஆவது பிரிவு பாயும். பழைய பொருள் வாங்கி விற்பவர்களுக்கு 1946-ஆம் ஆண்டின் பழைய பொருள் வியாபாரிகள் சட்டம் தனியாக இருக்கிறது. அதன் உரிமம் போலீஸ் கையில். பழைய தங்கம் வாங்கும் கடை எதுவாக இருந்தாலும், தனக்கு அந்த உரிமம் வேண்டுமா என்று மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

அந்தச் செயினுக்குப் பிறகு எங்கள் கடையில் ஐசி இல்லாமல் ஒரு மூக்குத்தி கூட வாங்குவதில்லை. எங்கள் அத்தை வந்தாலும் இதே கதைதான். அவர் இன்னும் கோபமாக இருக்கிறார்.

பாட்டி கொடுத்த நகை. ரசீது இல்லை. அப்படியானால் விற்கவே முடியாதா?

தாராளமாக விற்கலாம். நம் தோட்டத்துக் குடும்பங்களில் எந்தப் பாட்டி ரசீது வைத்திருந்தார்? லயத்து வீட்டுத் தகரப் பெட்டியில் சேலை மடிப்புக்குள் இருந்த நகைக்கு யார் ரசீது கேட்பது? ரசீது இல்லாததைக் குற்றமாக நாங்கள் பார்ப்பதில்லை. சொல்கிற கதை நகையோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்போம்.

போன வருடம் சங்காட் சாலாக் பக்கமிருந்து ஒரு பாட்டி பேத்தியோடு வந்தார். கைக்குட்டையில் முடிந்திருந்த காசுமாலையை அவிழ்த்து மேசையில் வைத்தார். காசு ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைக்காரன். ஐந்தாம் ஜார்ஜ் காலத்துப் பவுன்கள். 1911, 1918 என்று ஆண்டு பொறித்திருந்தது. ஒரு காசு 8 கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவாக, 7.98 கிராம் இருக்கவேண்டும். தேய்ந்த காசு அதையும் விடக் குறையும். 22 கேரட். கொக்கி பற்ற வைத்த இடத்தில் மட்டும் ஈயம் போல மங்கலாக இருந்தது. "எங்க மாமியா எனக்குப் போட்டது, தங்கச்சி. அவங்களுக்கு ஊர்ல இருந்து வந்தது" என்றார். காசின் வயதுக்குக் காசே சாட்சி. யாருடையது என்பதற்குப் பாட்டியின் வாய்ச்சொல்தான் சாட்சி. அதை அப்படியே ஒரு தாளில் எழுதி, பேத்தி வாசித்துக்காட்ட, பாட்டி கைநாட்டு வைத்தார். ஐசி நகல், எடை, காசுகளின் படம், அந்தத் தாள். கோப்பு முடிந்தது. இதற்கு இருபது நிமிடம் ஆனது. நான் வாங்கிக் கொடுத்த தேநீரைப் பாட்டி பாதிதான் குடித்தார்.

அதே காசுமாலையை இருபது வயதுப் பையன் ஒருவன் தனியாகக் கொண்டுவந்து, விலை கூட விசாரிக்காமல் சீக்கிரம் பணம் கொடு என்றால், அது வேறு கதை.

50,000 வெள்ளிக் கணக்கு என்ன?

வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே வெள்ளி என்றால் ரிங்கிட். உலோகத்தைச் சொல்லும்போது தனியாகச் சொல்கிறேன்.

2001-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தை இங்கே எல்லோரும் அம்லா என்பார்கள். விலையுயர்ந்த உலோகமும் கல்லும் விற்பவர்கள் அந்தச் சட்டத்தின் கீழ் "அறிக்கை தரவேண்டிய நிறுவனம்". வங்கி இருக்கிற பட்டியலில்தான் நாமும் இருக்கிறோம். மேற்பார்வை பேங்க் நெகாரா. ஒரு வாடிக்கையாளர் ரொக்கமாக 50,000 வெள்ளியோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால், அவர் யார், பணம் யாருடையது, வேறொருவருக்காக வாங்குகிறாரா என்று முறையாக விசாரித்துப் பதிவு செய்யவேண்டும். ஒரே தடவையில் கொடுத்தாலும் சரி, ஒரே நாளில் தொடர்புள்ள பல தடவையாகக் கொடுத்தாலும் சரி.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இது இப்போது சாதாரணமாக வந்து மோதுகிறது. தங்கம் விற்கிற விலையில் 50,000 வெள்ளி என்பது ஒன்றும் பெரிய கல்யாணம் இல்லை. அப்பா, அம்மா, மாமா என்று மூன்று பேர் மூன்று உறையில் பணம் கொண்டுவந்தால் மூன்று பேருடைய விவரமும் எடுப்போம். வங்கிப் பரிமாற்றமாகச் செய்துவிட்டால் பாதி வேலை உங்களுக்கும் குறையும், எங்களுக்கும் குறையும்.

காலையில் 30,000, மாலையில் 25,000 என்று பிரித்துக் கொடுத்தால்?

பிரித்துக் கொடுப்பதே சந்தேகத்துக்கு முதல் அறிகுறி. இதை யோசித்துக் கேட்கிறவர்களிடம் நான் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன்: அண்ணே, நீங்கள் கேட்டதையும் சேர்த்து எழுதிக்கொண்டேன்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்? எங்களிடம் சொல்வீர்களா?

சொல்லக்கூடாது. அறிக்கை அனுப்பியதை, அனுப்பப் போவதை வாடிக்கையாளரிடம் கசியவிடுவது அம்லாவில் தனிக் குற்றம். அறிக்கைக்குத் தொகை வரம்பும் கிடையாது. 800 வெள்ளி மோதிரமாக இருந்தாலும், வியாபாரம் நடக்காமல் ஆள் திரும்பிப் போயிருந்தாலும், காரணம் இருந்தால் அனுப்பவேண்டும். இணக்க அதிகாரி சந்தேகத்தை உறுதி செய்த நாளிலிருந்து அடுத்த வேலை நாளுக்குள், பேங்க் நெகாராவின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகவேண்டும். நல்ல நம்பிக்கையில் அனுப்பியவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

சின்ன ஊரில் இதுதான் கஷ்டமான இடம். பட்டணத்துக் கடையில் வாடிக்கையாளர் முகம் தெரியாதவர். இங்கே அவர் தம்பி என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவர், அவர் அம்மா கோயிலில் எங்களுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: கோப்பு விஷயம் கடைச் சுவரைத் தாண்டாது, சாப்பாட்டு மேசைக்கும் வராது. அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை.

நாங்கள் இரண்டு பேர் நடத்துகிற பட்டறைக் கடை. இதெல்லாம் பெரிய கடைகளுக்குத்தானே?

உறவுக்கார அண்ணன் ஒருவர் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் இதைக் கேட்கிறார். சட்டத்தில் கடையின் நீள அகலம் எழுதியிருக்கவில்லை. மலேசியா 2016 பிப்ரவரியில் எஃப்ஏடிஎஃப் என்ற உலகப் பணமோசடித் தடுப்புக் குழுவில் முழு உறுப்பினரானது. நகை வியாபாரிகள் மீது கண் வைப்பது அந்தக் குழுவின் விதிகளில் ஒன்று. ஒரு மில்லியன் வெள்ளியைச் சூட்கேசில் தூக்குவதை விட அதே மதிப்புக்குத் தங்கத்தைச் சட்டைப் பையில் போடுவது சுலபம், உருக்கினால் அடையாளம் போய்விடும். அதனால்தான் கண்.

ஆனால் சின்னக் கடைக்குத் தகுந்த அளவில் செய்யலாம். ஓர் ஆளை இணக்க அதிகாரியாகக் குறித்து பேங்க் நெகாராவுக்குத் தெரிவிப்பது. கடைக்கு எழுத்தில் ஒரு விதி. எங்களுடையது இரண்டு பக்கம், தமிழிலும் மலாயிலும். பெரிய தொகை வியாபாரத்தில் ஐ.நா. தடைப் பட்டியலிலும் உள்துறை அமைச்சின் பட்டியலிலும் பெயரைத் தேடிப் பார்ப்பது. இரண்டும் இணையத்தில் கிடைக்கும். பேங்க் நெகாரா அவ்வப்போது கேட்கும் தரவு அறிக்கையைக் காலத்தோடு நிரப்பி அனுப்புவது. பதிவுகளைக் குறைந்தது 6 வருடம் வைத்திருப்பது. அண்ணனுக்கு நான் சொன்னது: நீங்கள் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தீர்கள் என்று இருபது வருட நோட்டு வைத்திருக்கிறீர்களே, அதில் பாதி சிரத்தை போதும்.

மின்விலைப்பட்டியலையும், அதாவது இணையம் வழியே வரித்துறையில் பதிவாகும் பில்லையும், மறக்கவேண்டாம். 2024 ஆகஸ்டிலிருந்து கட்டம் கட்டமாக வருகிறது. வியாபாரம் செய்யாத தனிநபரிடம் பழைய நகை வாங்கினால், அவர் நமக்கு பில் போடமாட்டார். மின்விலைப்பட்டியல் கட்டாயமாகும் அளவுக்கு வியாபாரம் உள்ள கடை, தானே தனக்குப் பில் போட்டுக்கொள்ளும் வகையில் அதைச் சேர்க்கவேண்டும். அதற்கும் விற்றவரின் விவரம் வேண்டும். ஆக ஐசி கேட்பதற்கு இன்னொரு காரணம் தானாகவே வந்து சேர்ந்துவிட்டது.

916 முத்திரை இருக்கிறதே, அது போதாதா?

916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், 22 கேரட். பொய்யாக 916 என்று குத்தி விற்றால் 2011-ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டத்தில் குற்றம். உள்நாட்டு வாணிப அமைச்சு பார்த்துக்கொள்ளும். முத்திரை சொல்வது அவ்வளவுதான். அந்தத் தங்கம் திருடியதா, கடத்தியதா, ஆற்றில் பாதரசம் ஊற்றி எடுத்ததா என்று அதற்குத் தெரியாது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நகைக்கு ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளம் கட்டாயம். அது கூட எந்தக் கடை, எந்த மையத்தில் சோதித்தது என்பது வரைக்கும்தான் போகும். சுரங்கம் வரை போகாது.

இன்னொரு விஷயம். எக்ஸ்ரே கதிரால் உலோகத்தைச் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். அது மேல்தோலைத்தான் படிக்கும். தடித்த முலாமுக்குள் டங்ஸ்டன் இருந்தால் எடையிலும் பிடிக்க முடியாது. தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனுடையது 19.25. சந்தேகமான கட்டி என்றால் வெட்டிப் பார்க்கவேண்டும், அல்லது நெருப்பில் வைத்து மாற்றுப் பார்க்கவேண்டும்.

எங்கோ ஆப்பிரிக்காவில் தோண்டுகிற தங்கத்துக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தங்கத்தை விட ரப்பர்ப் பாலே வசதி. அம்மாவைப் பெற்ற பாட்டி எல்பில் தோட்டத்துப் பக்கம் பால்மரம் வெட்டியவர். வெட்டு முடிந்து வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வரிசையில் வரவேண்டும். தோட்டத்துக் கணக்கரான கிராணி ஒவ்வொருவர் வாளியையும் நிறுத்து, பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் குழாயை முக்கிப் பார்த்து, பேர் போட்டு எழுதுவார். தண்ணீர் கலந்திருந்தால் அப்போதே தெரியும். அதற்குப் பிறகுதான் தொட்டியில் ஊற்றலாம். ஊற்றின பிறகு யார் வாளி, எந்த மரம் என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

தங்கமும் அப்படியே. கொங்கோவின் கிழக்குப் பகுதியில் ஆயுதக் கும்பல் வரி வாங்குகிற குழியிலிருந்து வந்ததும், சூடானிலிருந்து போர் நடுவே வெளியே போனதும், அமேசானில் யானொமாமி மக்களின் காட்டில் திருட்டுத்தனமாகத் தோண்டியதும், நம் பாட்டியின் காசுமாலையும் ஒரே சுத்திகரிப்பு உலையில் விழுந்தால் 999.9 ஆக ஒரே நிறத்தில் வெளியே வரும். சோதித்துப் பிரிக்க முடியாது. யானொமாமி பகுதியில் பிரேசில் அரசு 2023 ஜனவரியில் சுகாதார அவசரநிலை அறிவித்தது. அங்கே தோண்டுகிறவர்கள் ஆற்று மணலில் பாதரசத்தைக் கலந்து தங்கத்தைப் பிடிப்பார்கள். பிறகு நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகி மூச்சிலும் மீனிலும் சேரும். உலகச் சுரங்கத் தங்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட சிறு தோண்டலில் வருகிறது. அதில் பெரும்பாலானவர்கள் கும்பல்காரர்கள் இல்லை, வயிற்றுக்குத் தோண்டுகிறவர்கள். அவர்களை ஒரேயடியாக ஒதுக்கினால் கடத்தல்காரன் கைக்குத்தான் போவார்கள். இதை நானும் படித்துத்தான் புரிந்துகொண்டேன். முன்பு "அந்தத் தங்கமே வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தூரத்துக் கதை என்று தோன்றினால் பக்கத்தில் பாருங்கள். பகாங்கில் ரவூப் தங்கச் சுரங்கம் 1889-இல் தொடங்கி 1961 வரை ஓடியது. பிறகு அங்கே பழைய மண்ணிலிருந்து சயனைட் முறையில் தங்கம் எடுக்கத் தொடங்கியபோது புக்கிட் கோமான் ஊர்க்காரர்கள் பல வருடம் போராடினார்கள். கடலுக்கு அப்பால் கோலார் தங்கவயல்: 1880-களிலிருந்து 2001 பிப்ரவரி வரை. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். நம் தாத்தாமார்களில் பாதிப்பேர் கப்பலேறிய அதே ஊர்கள். அங்கே மிஞ்சியிருப்பது சயனைட் கழிவு மண் மலைகள், காற்றடித்தால் வீட்டுக்குள் வரும்.

ஓஇசிடி வழிகாட்டி, எல்பிஎம்ஏ என்றெல்லாம் சொல்கிறார்களே, அது என்ன?

ஓஇசிடி என்ற நாடுகளின் அமைப்பு, போர் நடக்கும், ஆபத்தான பகுதிகளிலிருந்து வரும் கனிமங்களுக்கு ஒரு வழிகாட்டி போட்டது. தங்கத்துக்குத் தனி இணைப்பு 2012-இல் வந்தது. அதில் ஐந்து படி. கடைமொழியில் சொன்னால்: முதலில் உன் வீட்டை ஒழுங்காக வை, விதியும் பொறுப்பாளும் வேண்டும். அடுத்து, வருகிற வழியில் எங்கே ஆபத்து என்று கண்டுபிடி. கண்டுபிடித்ததற்கு ஏதாவது செய்: திருத்து, நிறுத்திவை, முடியாவிட்டால் விலகு. நாலாவது, சுத்திகரிப்பாலையை வெளியாள் வந்து தணிக்கை செய்யவேண்டும். கடைசியில், செய்ததை வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குச் சொல்.

நாலாவது படி ஏன் சுத்திகரிப்பாலையில்? சுரங்கங்கள் ஆயிரம், கடைகள் லட்சம், நடுவில் ஆலைகள் கொஞ்சம்தான். பால் ஸ்டோர் மாதிரி. எல்பிஎம்ஏ என்பது லண்டன் தங்கச் சந்தையின் சங்கம். ஏறக்குறைய 400 அவுன்ஸ் எடையுள்ள பெரிய கட்டிகளைச் செய்யும் ஆலைகளுக்கு அங்கீகாரப் பட்டியல் வைத்திருக்கிறது. 2012-இலிருந்து அந்தப் பட்டியலில் இருக்க வேண்டுமானால் இந்த வழிகாட்டியைப் பின்பற்றித் தணிக்கைக்கு உட்படவேண்டும். அமெரிக்காவில் 2010-இன் டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502-ஆவது பிரிவு கொங்கோ பக்கத்துத் தங்கத்தைப் பற்றிப் பெரிய நிறுவனங்களை வெளியே சொல்ல வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜனவரி 1 முதல் இறக்குமதியாளர்களுக்குச் சட்டமாகவே வந்துவிட்டது. நம் கடை மீது இவை எதுவும் நேரடியாக வராது. நமக்குச் சரக்கு தருகிறவருக்குச் சரக்கு தருகிறவர் மீது வரும். அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தால் அது படியிறங்கி நம் கல்லாவுக்கு வந்துசேரும்.

மொத்த வியாபாரியிடம் நாங்கள் என்ன கேட்பது? கேட்டால் சரக்கே தரமாட்டாரே.

முதல் தடவை நான் கேட்டபோது "அம்மா, நகை வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்றார் ஒருவர். இன்றைக்கும் அவரிடம்தான் வளையல் வாங்குகிறோம், ஆனால் இப்போது விலைப்பட்டியலில் கட்டியின் ஆலைப் பெயரும் தொடர் எண்ணும் எழுதித் தருகிறார்.

கேட்க வேண்டியது அதிகமில்லை. நகை செய்யப் பயன்பட்ட கட்டி எந்த ஆலையுடையது? அந்த ஆலை எல்பிஎம்ஏ பட்டியலில் இருக்கிறதா? பட்டியல் இணையத்தில் இருக்கிறது, நாமே பார்க்கலாம். ஒருமுறை இருந்த ஆலை பிறகு நீக்கப்பட்டிருக்கலாம், அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி பார்க்கவேண்டும். பழைய தங்கத்தில் செய்ததென்றால் அந்தப் பழையது யாரிடம் சேர்ந்தது? சுங்கத் தாள்கள் உண்டா? சந்தை விலையை விடக் கிராமுக்குச் சில வெள்ளி குறைவாக, ரொக்கத்துக்கு மட்டும் தருகிறேன் என்றால் ஏன்? கடைசிக் கேள்விக்குச் சிரிப்புதான் பதில் என்றால் நான் எழுந்து வந்துவிடுவேன். அப்பா இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வருவார்.

மறுசுழற்சித் தங்கம் என்றால் சுத்தம்தானே? விளம்பரத்தில் அப்படித்தான் வருகிறது.

வருடா வருடம் சந்தைக்கு வரும் தங்கத்தில் ஏறக்குறைய கால் பங்கு பழையதை உருக்கியது. மண்ணைத் தோண்டவில்லை என்ற அளவில் நல்லதுதான். ஆனால் "பழைய தங்கம்" என்ற சொல் ஒரு பெரிய போர்வை. ஆற்றோரத்தில் எடுத்த தங்கத்தை அவசரமாக ஒரு வளையல் வார்ப்பில் ஊற்றி, "பழைய வளையல்" என்று எல்லை தாண்டி அனுப்புவது தெரிந்த தந்திரம். ஓஇசிடி வழிகாட்டியிலும் இதற்கு எச்சரிக்கை உண்டு. அதே வழிகாட்டி 2012 ஜனவரி 1-க்கு முன்பே இருந்தது என்று தேதியோடு நிரூபிக்கக்கூடிய கையிருப்புக்குச் சலுகை தருகிறது. ஆனால் அது வங்கிப் பெட்டகத்தையும் ஆலையையும் நினைத்து எழுதியது, தகரப் பெட்டியை நினைத்து இல்லை. பாட்டியின் 1911 காசும் அதில் "பழையது" என்ற பொதுக் கணக்கில்தான் சேரும். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

நாங்கள் செய்வது இதுதான்: பழைய நகை வாங்கினால் ஏழு நாள் உருக்க அனுப்பமாட்டோம். தனித்தனிப் பையில் கிடக்கும், எண் போட்டு, படம் எடுத்து. சட்டத்துக்காக இதைத் தொடங்கவில்லை, அந்த முறுக்குச் செயினுக்காகத் தொடங்கினோம். ஏழு நாளில் விலை இறங்கினால் நட்டம் எங்களுக்கு. இரண்டு முறை இறங்கியிருக்கிறது.

உருக்கிய கட்டியைக் கொண்டுவந்தால் வாங்குவீர்களா?

மாட்டோம். ஒரு மழைநாள் சாயங்காலம், கடை மூடும் நேரம். ஒருவர் சிகரெட் பெட்டிக்குள்ளிருந்து கட்டை விரல் அகலத்துக்கு ஒரு பொத்தான் கட்டியை எடுத்தார். மேலே வெண்காரத்தின் கண்ணாடி போன்ற பூச்சு இன்னும் ஒட்டியிருந்தது, ஒரு ஓரத்தில் கரி. வீட்டு கேஸ் அடுப்பில் உருக்கியது என்று பார்த்தாலே தெரிந்தது. "அம்மாவோட பழைய நகை, இடம் அடைக்குதுன்னு உருக்கிட்டேன்" என்றார். வீட்டில் இடம் அடைக்கிற அளவுக்கு நகை வைத்திருப்பவரை நான் இதுவரை இந்த ஊரில் பார்த்ததில்லை. உருக்குவதால் கூலியும் சேதாரமும் போய், கல் போய், கையில் கிடைப்பது குறையும். காரணமில்லாமல் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். வேண்டாம் அண்ணே என்றோம். அன்றிரவே என் வேலையைச் செய்தேன். மேலே சொன்னபடி, இதற்கு மேல் எழுதக்கூடாது.

அடகுச் சீட்டை வாங்குவீர்களா?

வாங்கமாட்டோம். அடகுக்கடைக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தனி, வீடமைப்பு ஊராட்சி அமைச்சின் உரிமம் தனி. மாதம் 2 சதவீத வட்டி, ஆறு மாதத் தவணை. சீட்டை யாருக்காவது விற்பதற்கு முன்னால் மீட்டு விற்றால் எவ்வளவு மிஞ்சும் என்று எங்களிடம் கணக்குக் கேளுங்கள், இலவசமாகவே போட்டுத் தருகிறோம்.

மாதாமாதம் லாபம் தரும் தங்கத் திட்டம் என்று வாட்ஸ்ஆப்பில் வருகிறதே?

2012 அக்டோபரில் பேங்க் நெகாரா சோதனை போட்ட தங்க நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் நம் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்தார்கள், சேமநிதிப் பணத்தை எடுத்துப் போட்டவர்கள் உட்பட. தங்கம் குட்டி போடாது. மாதம் 2 சதவீதம் தருகிறேன் என்றால் அது அடுத்தவர் போட்ட பணம். பேங்க் நெகாராவின் நிதி எச்சரிக்கைப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, போடுவதற்கு முன் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வெள்ளிக்கும், அதாவது உலோகத்துக்கும், இதெல்லாம் உண்டா?

உண்டு. விலையுயர்ந்த உலோகம் என்றால் அதுவும் சேர்ந்ததுதான். லண்டன் சங்கம் வெள்ளிக்கென்றும் ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. உலக வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்புச் சுரங்கங்களில் உபரியாகக் கிடைப்பது, அதனால் வேரைத் தேடுவது இன்னும் சிக்கல். நடைமுறையில் கொலுசுக்கு யாரும் 50,000 வெள்ளி ரொக்கம் கொண்டுவருவதில்லை. கோயில் ஒன்று கவசம் செய்யக் கொடுத்தபோது மட்டும் நிர்வாகத்தின் பதிவுத் தாளும் கூட்டத் தீர்மானமும் வாங்கி வைத்தோம். சாமி காரியத்துக்குமா என்று கேட்டார்கள். நாளைக்கு நிர்வாகம் மாறும்போது அந்தத் தாள்தான் அவர்களுக்கே உதவும்.

என் ஐசி நகலை என்ன செய்கிறீர்கள்? வேறு யார் கையிலாவது போனால்?

நியாயமான பயம். வட்டி முதலைகளுக்கு ஐசி நகல் கிடைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010 எங்களுக்கும் பொருந்தும். வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கவேண்டும், பூட்டி வைக்கவேண்டும், தேவை முடிந்ததும் அழிக்கவேண்டும். நகல்கள் இரும்பு அலமாரியில் இருக்கின்றன, சாவி அப்பாவிடமும் என்னிடமும். காலம் முடிந்தவற்றை வருடக் கடைசியில் நானே கிழிப்பு இயந்திரத்தில் போடுகிறேன்.

நீங்களும் ஒன்று செய்யலாம். நகலைக் கொடுப்பதற்கு முன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் "பழைய நகை விற்பனைக்கு மட்டும்" என்று மலாயில் எழுதி, தேதியும் போடுங்கள். படத்தின் மேலும் எண்ணின் மேலும் கோடு படலாம், ஆனால் படிக்க முடியவேண்டும். பேனா கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்குகிறது.